தெரியாது என்னும் பட்டை

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. வகுப்பறைச் சுவரில் இன்னும் தொங்கிக் கொண்டிருக்கும் ஒரு மாஜோங் தாளைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இன்றுதான் நேரம் வாய்த்தது.

கணிதப் பாடத்தில் 'தரவைக் கையாளுதல்' என்னும் தலைப்பு வரும்போதெல்லாம் நம்மில் பலர் செய்வது ஒன்றே. "உனக்குப் பிடித்த காலை உணவு எது?" என்று கேட்போம். நாசி லெமாக், ரொட்டி சானாய், தோசை என்று பிள்ளைகள் கை தூக்குவர். ஐந்து கோடுகளை ஒரு கட்டாகக் கட்டிக் கணக்கெடுத்து, பட்டைக் குறிவரைவு வரைந்து, வண்ணம் தீட்டி, அத்துடன் முடித்துவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். அதில் பிழையொன்றும் இல்லை. ஆனால், விடை என்னவென்று அறியும் ஆவல் வகுப்பில் எவருக்கும் இருப்பதில்லை, எனக்கும் சேர்த்து.

இம்முறை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வேறொரு கேள்வியைக் கொடுத்தேன். "உன் அம்மாவைப் பெற்ற பாட்டி, பத்து வயதில் எங்கே வாழ்ந்தார்?" தாத்தா பாட்டி என்று பொதுவாகக் கேட்டால் ஒரு பிள்ளைக்கு நான்கு விடைகள் வந்துவிடும். ஒருவருக்கு ஒரு விடையே இருக்க வேண்டும் என்பதற்காகவே அம்மாவழிப் பாட்டியை மட்டும் எடுத்துக் கொண்டேன். வீட்டில் கேட்டு வர மூன்று நாள் தவணை. விடைகளைத் தோட்டம், பட்டணம், கம்பம், பிற இடம் என நான்காகப் பிரித்தோம். 29 பிள்ளைகளும் தாளைத் திருப்பிக் கொடுத்தனர். தோட்டம் 14, பட்டணம் 4, கம்பம் 3, பிற இடம் 2. மீதம் 6 தாள்களில் 'தெரியாது' என்றிருந்தது.

அடுத்து நடந்தது என் பிழை. பெற்றோர் சந்திப்பு நாள் நெருங்கிக் கொண்டிருந்தது. 'தெரியாது' என்று ஒரு பட்டையைச் சுவரில் ஏற்றினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கத்தில் அந்த ஆறு தாள்களையும் ஒதுக்கி வைத்துவிட்டேன். 23 விடைகளை மட்டும் வரையச் செய்து, 'எங்கள் பாட்டிமார்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள்' என்று தலைப்பும் எழுதினேன். எழுத்து அழகாகவே வந்தது.

மறுநாள் ஒரு மாணவன் தாளின் முன் நின்று பட்டைகளை விரலால் கூட்டிக் கொண்டிருந்தான். "டீச்சர், நாங்க 29 பேரு. இதுல 23தான் வருது. என்னோட கட்டம் எங்க டீச்சர்?" என்று கேட்டான். அவன் அந்த ஆறு பேரில் ஒருவன். அவனை வளர்ப்பவர் அப்பாவின் அக்காள்; அம்மாவழிப் பாட்டியைப் பற்றிச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தேன். 23 பேரில் 14 என்பது பாதிக்கு மேல். 29 பேரில் 14 என்பது பாதிக்குக் கீழ். ஆறு பிள்ளைகளை மறைத்ததில் என் தலைப்பே பொய்யாகிவிட்டது. தாளைக் கழற்றினேன். அன்று வகுப்பில் பாடம் நடத்தாமல், இந்தப் பட்டைகள் எங்கிருந்து வந்தன என்னும் கதையைச் சொன்னேன். அக்கதையின் விரிவே இக்கட்டுரை.

பட்டைக் குறிவரைவை நூலில் அச்சேற்றிப் புகழ்பெறச் செய்தவர் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1759இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரை, பின்னாளில் பெரிய கணித அறிஞராக விளங்கிய அண்ணன் ஜான் பிளேஃபேர் வளர்த்தார். தம்பிக்கு அண்ணன் கொடுத்த பயிற்சிகளுள் ஒன்று, நாள்தோறும் வெப்பமானியைப் பார்த்து அளவைக் குறித்து, அந்த ஏற்ற இறக்கத்தைக் கோடுகளாக வரைவது. நம் அறிவியல் பாடத்தில் இன்றும் பிள்ளைகள் செய்யும் வேலை! ஓர் அண்ணன் வீட்டில் கொடுத்த அந்தப் பயிற்சியை, தம்பி பின்னாளில் நாடுகளின் வாணிகக் கணக்குக்குப் பயன்படுத்தினார்.

நீராவிப் பொறி புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் வரைபடம் வரைபவராகப் பிளேஃபேர் பணியாற்றியிருக்கிறார். 1786இல் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் காட்டும் நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் ஏறத்தாழ எல்லாப் படங்களும் கோட்டுக் குறிவரைவுகள். ஆண்டுகள் இடமிருந்து வலமாக ஓட, பணத்தின் அளவு மேலும் கீழும் செல்லும். ஒரே ஒரு படம் மட்டும் வேறு வகை. ஸ்காட்லாந்து பதினேழு நாடுகளுடன் செய்த வாணிகத்தைக் காட்டுவது அது. ஸ்காட்லாந்துக்கு அவரிடம் இருந்தது 1781ஆம் ஆண்டுக்கான கணக்கு மட்டுமே. ஒற்றை ஆண்டை வைத்துக் கோடு இழுக்க இயலுமா? ஆகவே, நாட்டுக்கு ஒரு பட்டையாக அடுக்கிவிட்டார். காலத்தைக் காட்டாத படம் என்பதால் மற்றவற்றைவிட இது தாழ்ந்தது என்றே அவர் கருதினார்.

இதைக் கேட்டதும் என் மாணவர்கள் சிரித்தனர். தரவு போதாமையால் பிறந்த படத்தைத்தான் நாம் இன்று பிள்ளைகளுக்கு முதன்முதலில் கற்பிக்கிறோம். கையில் இல்லாததை இருப்பதாகக் காட்டி அவர் கோடு இழுத்திருக்கலாம். வாங்கிப் படிப்பவர் எவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார். அவர் அதைச் செய்யவில்லை. இத்தனைக்கும் அவர் வாழ்க்கை நேர்க்கோடாக அமைந்ததன்று. கடனுக்காகச் சிறை சென்றவர். அவர் இறங்கிய தொழில்களில் சில சர்ச்சையில் முடிந்தன. வட்டக் குறிவரைவையும் 1801இல் அவரே அறிமுகப்படுத்தினார். 1823இல் வறுமையில் இறந்தார். கணிதப் பாடநூலில் அவர் பெயர்கூட இடம்பெறுவதில்லை.

அடுத்ததாக ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றிச் சொன்னேன். விளக்கேந்திய தாதியாக அவரைப் பிள்ளைகள் அறிவர். அவர் புள்ளியியலில் வல்லவர் என்பதை அறியார். கிரிமியப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் காயத்தால் மாண்டதைவிட நோயால் மாண்டதே மிகுதி என்பதைக் காட்ட, மாதத்திற்கு ஒரு துண்டாக வட்டத்தை வகுத்து, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த இறப்பை நீல நிறத்தில் தீட்டி 1858இல் வெளியிட்டார். அதே ஆண்டில் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அக்கழகத்தின் முதல் பெண் உறுப்பினர் அவரே.

நம் தலைப்புக்கு நெருக்கமான செய்தி அதற்குப் பிந்தையது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் உடல்நலத்தை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்திற்காக அவர் கேள்வித்தாள் தயாரித்தார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே செல்கிறது, ஓர் அறையில் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்பன போன்ற கேள்விகள் சென்னை மாகாணம் உட்பட இந்தியாவெங்கும் இருந்த படைநிலையங்களுக்குச் சென்றன. விடைகள் மூட்டை மூட்டையாகத் திரும்பின. 1863இல் பருத்த அறிக்கையாக வெளிவந்தன. அம்மையார் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட இந்தியாவுக்குச் சென்றதில்லை. இலண்டனில் நோயுடன் இருந்தபடியே கேள்வியை எழுதி அனுப்பி விடையைப் பெற்றார். நாம் இன்று 'கருத்தாய்வு' என்று மாணவர்க்குக் கற்பிப்பது இதைத்தான். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேள்வி படைநிலையத்துக்குச் சென்றது. ஆகவே, படைநிலையத்தைப் பற்றிய விடையே வந்தது. மதிலுக்கு வெளியே இருந்த ஊரின் நிலையை அந்தத் தாள் கேட்கவில்லை. ஊர்ப்புறத்துச் சுகாதாரமும் பஞ்சமும் அவர் கவனத்தை முழுமையாக ஈர்த்தது பின்னர்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். நீரிணைக் குடியேற்றங்களில் 1871 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றது. 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம்மவர்க்கு இடப்பட்ட தலைப்பு 'தமிழரும் இந்தியாவின் பிற குடிகளும்' என்னும் பொருளில் அமைந்திருந்தது. பின்னர் அது 'இந்தியர்' என்றாயிற்று. அதே மக்கள், அதே தோட்டம், அதே பால்வாளி. கட்டத்தின் பெயர் மட்டுமே மாறியது. போருக்குப் பிந்தைய 1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள் 'பிறர்' என்னும் பிரிவுக்குள் வைக்கப்பட்டனர். இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றி, வீட்டில் தமிழ் பேசியவர்கள், தாளில் 'பிறர்' ஆயினர்! எங்கள் வகுப்பின் 'பிற இடம்' என்னும் கட்டத்திலும் இரண்டு பிள்ளைகள் இருந்தனரே. அவர்களுள் ஒருத்தியின் பாட்டி இந்தோனேசியாவிலிருந்து வந்தவர். "எங்க பாட்டி ஊருக்குப் பேரு இருக்கு டீச்சர்" என்று அவள் சொன்னபோது, 1947ஆம் ஆண்டில் இதைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய்ப்பிருந்திருக்கும் என்று எண்ணிக் கொண்டேன்.

எண்ணப்படுவதால் நன்மையும் உண்டு; அதையும் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளே ஒருவகையில் எண்ணிக்கையால் வந்தவைதாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி ஒன்று அமைத்துத் தர வேண்டியிருந்தது. அப்பள்ளிகள் எத்தகையவை என்பது வேறு கதை. கிராணியும் கங்காணியும் ஓய்வு நேரத்தில் பாடம் சொல்லித் தந்த கொட்டகைகள் அவற்றுள் பல. ஆனாலும், யாரோ ஒருவர் லயத்துக்கு லயம் சென்று ஒன்று, இரண்டு என்று பிள்ளைகளை எண்ணியிருக்க வேண்டும். ஒன்பதோடு நின்றிருந்தால் அங்கே பள்ளி இல்லை.

இவற்றைச் சொன்ன பிறகு, வகுப்பில் நான்கு எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். சிங்கப்பூரையும் சேர்த்து, அக்கால மலாயாவில் கணக்கெடுக்கப்பட்ட இந்தியரின் தொகை அது. எண்களைச் சுருக்கமாக, ஏறத்தாழ என்றே கொடுத்தேன். 1911இல் 2 இலட்சத்து 67 ஆயிரம். 1921இல் 4 இலட்சத்து 70 ஆயிரம். 1931இல் 6 இலட்சத்து 20 ஆயிரம். 1947இல் 6 இலட்சம். கட்டம் ஒன்றுக்கு 50 ஆயிரம் என்று வைத்துக் குழுவாக வரையச் சொன்னேன்.

ஏழு குழுக்களில் ஆறு குழுக்கள் நான்கு பட்டைகளையும் சம இடைவெளியில் நிறுத்தின. ஒரே ஒரு குழுவில் ஒரு மாணவி மட்டும், "1931க்கு அப்புறம் 1941 வரணுமே?" என்று கேட்டுவிட்டு, அங்கே ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். அந்தக் காலியிடத்தைக் கண்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. பத்தாண்டு முறைப்படி 1941இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு, போர் மூண்டதால் நடைபெறவில்லை. சம இடைவெளியில் பட்டைகளை நிறுத்தினால் அந்தப் பதினாறு ஆண்டுகளும் பத்தாண்டாகச் சுருங்கிவிடும். பிளேஃபேரின் கோட்டுப் படங்களில் காலத்துக்கென்று ஓர் அளவு இருந்ததே, அதன் பொருள் இப்போதுதான் எனக்கே முழுமையாக விளங்கியது.

அந்த இடைவெளியில் என்ன நடந்தது? 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை வீழ்ந்தது. பல்லாயிரம் தொழிலாளர்கள் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு உதவிச் சலுகையுடன் தொழிலாளர்கள் மலாயா செல்வதைத் தடை செய்தது. பின்னர் சப்பானியர் ஆட்சி. 1942இலும் 1943இலும் சயாம் பர்மா இரயில்பாதை. 415 கிலோமீட்டர் நீளம் கொண்ட அப்பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டனர். 'மரண இரயில்' என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொன்னேன். 1947இன் பட்டை தாழ்ந்திருப்பதற்கு முழுக் காரணமும் இரயில்பாதை என்று சொல்லிவிடக் கூடாது. ஊர் திரும்பியவர், வராமல் நின்றவர், பிறந்தவர், பஞ்சத்திலும் நோயிலும் இறந்தவர் எல்லாரும் அந்த ஒரே பட்டைக்குள் கலந்திருக்கின்றனர். பட்டை உயரத்தைச் சொல்லுமே ஒழியக் காரணத்தைச் சொல்லாது. உணர்ச்சிவயப்பட்டு, எண்ணால் தாங்க முடியாத பாரத்தை அதன்மீது ஏற்றும் பழக்கம் நம் மேடைகளில் மிகுதி. வகுப்பறைக்கு அது வேண்டா.

ஆனால், வேறொன்றைத் துணிந்து சொல்லலாம். அந்த இரயில்பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் இறந்தோர் 12 ஆயிரத்துக்கும் மேல். அவர்களுக்குப் படைப் பட்டியல் இருந்தது. பெயர், எண், படைப்பிரிவு இருந்தன. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தனர் என்பதற்கோ இன்றுவரை மதிப்பீடுகள் மட்டுமே உள்ளன. நூலுக்கு நூல் எண் மாறுபடும். அவர்களைப் பெயர் சொல்லி எண்ணி வைத்தவர் இல்லை. அவர்களை வைத்துப் பட்டை வரையச் சொன்னால், எந்தக் கட்டம்வரை வண்ணம் தீட்டுவது?

வகுப்பு அமைதியாக இருந்தது. பின்வரிசையில் ஒருவன், "அதுக்கும் 'தெரியாது'னு ஒரு பட்டை போடலாம் டீச்சர்" என்றான். எத்தனை உயரத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

இடையே பெற்றோர்களுக்கு ஒரு சொல். நாளிதழிலும் புலனத்திலும் வரும் குறிவரைவுகளைப் பார்க்கும்போது, முதலில் அடிக்கோடு எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பதை நாம் அறிவோம். இன்று ஐந்நூற்றுச் சொச்சம். இந்த இரண்டையும் பூச்சியத்திலிருந்து வரைந்தால் ஒரு காட்சி. 500இலிருந்து தொடங்கி வரைந்தால் பள்ளிகளே இல்லாமற்போய்விட்டன என்று தோன்றும். அதேபோல, அண்மைய ஆண்டுகளில் இரண்டு மூன்று பள்ளிகள் கூடியதை 520இலிருந்து தொடங்கி வரைந்தால் பெரும் வளர்ச்சியாகத் தெரியும். எண் பொய் சொல்லவில்லை, அடிக்கோடு சொல்கிறது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்க ஒரு பாடவேளை போதும். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் தாளுக்குத் திரும்புகிறேன். புதிய மாஜோங் தாளில் ஐந்து பட்டைகளையும் வரைந்தோம். 'தெரியாது' என்னும் பட்டைக்கு என்ன வண்ணம் தீட்டுவது என்று சிறு வாக்குவாதம் நடந்தது. சாம்பல் என்றனர் சிலர். அந்த ஆறு பேரும் மறுத்து, மஞ்சள் கேட்டு வாங்கிக் கொண்டனர். தலைப்பில் 'பாதிக்கும் மேற்பட்டோர்' என்பதை நீக்கிவிட்டு, 'எங்கள் பாட்டி பத்து வயதில் எங்கே வாழ்ந்தார்? 29 பேரின் விடை' என்று மட்டும் எழுதினோம். பெற்றோர் சந்திப்பு நாளில் அந்தத் தாளின் முன்புதான் கூட்டம் நின்றது. நான் அஞ்சியது போல எவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு தாயார் மஞ்சள் பட்டையைக் காட்டி, "இதுல என் பிள்ளையும் இருக்கா டீச்சர்?" என்று மெல்லிய குரலில் கேட்டார். "ஆமாம்மா" என்றேன். "நான் எங்க அம்மாகிட்ட கேட்டதே இல்ல" என்று சொல்லிவிட்டு, அங்கேயே கைப்பேசியை எடுத்து அழைத்தார். அவருடைய அம்மா கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயரைச் சொன்னாராம்.

அடுத்த வாரம், முதலில் என்னைத் தட்டிக் கேட்ட அந்த மாணவனும் ஒரு விடை கொண்டு வந்தான். அவன் அத்தை யாரையோ பிடித்து விசாரித்திருக்கிறார். பாட்டி வளர்ந்த இடம் செந்தூல், இரயில்வே குடியிருப்பு. இது பட்டணமா, அல்லது வேறு கட்டமா என்று வகுப்பு அரைமணி நேரம் வாதிட்டது. தோட்டத்தில் தோட்ட வீடு என்றால், இரயில்வேயில் இரயில்வே வீடுதானே, அதற்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று அவனே வாதாடி வென்றான். ஆறாவதாக ஒரு பட்டை, ஒரே ஒரு கட்ட உயரத்தில், தாளின் ஓரத்தில் ஒட்டினாற்போல் நிற்கிறது. அதற்கு இடம் விட்டு நாங்கள் வரைந்திருக்கவில்லை.

தோட்டம் இப்போது 15. இருபத்தொன்பதில் பதினைந்து என்பது பாதிக்கு மேல். நான் முதலில் எழுதிய தலைப்பு உண்மையாகிவிட்டது! ஆனால், அதைத் திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை. மஞ்சள் பட்டை நான்கில் நிற்கிறது. விடுமுறைக்கு முன், அந்த நால்வரும் தாளின் அடியில் பென்சிலால் தங்கள் பெயரை எழுதி வைத்துவிட்டுச் சென்றனர்.